தொடுமுன் கழுவிய கை

எங்கள் ஊரில் எல்லாரும் தொட்ட பிறகு கை கழுவினார்கள். ஓர் அம்மாள் மட்டும் தொடுவதற்கு முன் கழுவினார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஏறக்குறைய இவ்வளவே. ஆயினும் இந்த ஒரு வரியை விளங்கிக்கொள்ள எனக்கு நாற்பது ஆண்டுகள் ஆயின. விளங்கியதா என்பதும் நிச்சயமில்லை.

என் மனைவியை அடக்கம் செய்து இன்றோடு பதினெட்டு நாள்கள் ஆகின்றன. இந்தப் பதினெட்டு நாளும் நான் நினைத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் என் மனைவியை அல்ல, இந்த அம்மாளையே. ஏன் என்று நான் ஆராயவில்லை. ஓர் அறையின் கதவு திறக்காதபோது அடுத்த அறை வழியாகச் சுற்றிப் போகிறோம். அவ்வளவுதான் என்று வைத்துக்கொள்கிறேன்.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, பெருவழியிலிருந்து சற்று உள்ளே, ஒரு மேட்டின்மேல் எங்கள் கிறிஸ்தவ சபையின் கோயில் இருந்தது. திருவனந்தபுரத்தில் மகாராஜாவின் ஆட்சி நடந்த காலம். எனக்கு வயது இருபத்தெட்டு. பி.ஏ. வரை படித்து, நெய்யாற்றின்கரையில் ஒரு பள்ளியில் ஆசிரியனாக இருந்தேன். நாள்தோறும் அமரவிளைப் பாலத்தைக் கடந்து நடந்து போய் நடந்து வருவேன். படித்தவன் என்ற காரணத்தால் சபைக் கமிட்டியின் செயலாளனாகவும் என்னை வைத்திருந்தார்கள். கமிட்டியின் தீர்மானங்களை எழுதும் மினிட் புத்தகம் என் பொறுப்பில் இருந்தது.

அந்த அம்மாள் கோயில்குட்டியாரின் விதவை. கோயிலைப் பெருக்கி, மணி அடித்து, விளக்கேற்றுகிறவரை எங்கள் பக்கத்தில் கோயில்குட்டியார் என்போம். கணவர் இறந்த பின் மணியும் விளக்கும் வேறொருவர் கைக்குப் போயின. கிறிஸ்துவின் நினைவாக எல்லாரும் ஒரே கிண்ணத்தில் பருகும் திருவிருந்துக்கான பாத்திரங்கள் மட்டும் இவரிடமே தங்கின. ஒரு வெள்ளீயக் கிண்ணம், ஒரு தட்டு, பாலராமபுரத்தில் நெய்த வெள்ளை மேசைத்துணி. மூன்றும் கோயிலின் பின்னறை அலமாரியில் இருந்தன. அதன் சாவி அவர் இடுப்பில் இருந்தது. மாதம் ஒருமுறை, திருவிருந்துக்கு முதல் நாள், உலர்ந்த திராட்சையை ஊறவைத்துப் பிழிந்து சாறெடுப்பார். மறுநாள் காலையில் துணி விரித்து, கிண்ணத்தை வைத்து, மூடிவிட்டுப் பெண்கள் பக்கத்தில் போய் அமர்வார். அவருக்கென்று இருந்தவை ஓர் ஓலைக் குடிசை, ஓர் ஆடு, அந்தச் சாவி. அந்தச் சாவி அவரிடமிருந்து எப்படிப் போயிற்று என்பதுதான் நான் சொல்ல வேண்டியது.

அவருக்கு அப்போது ஐம்பது வயது இருக்கலாம். குள்ளமான உருவம். உள்ளங்கைகள் மட்டும் உடம்புக்குப் பொருந்தாமல் பெரியவை. இடுப்புச் சேலையில் ஒரு தேங்காய்ச் சிரட்டையை எப்போதும் செருகி வைத்திருப்பார், தண்ணீர் மொள்வதற்கு. ஆட்டைக் கறக்குமுன் கழுவுவார். பக்கத்து வீட்டுப் பெண்ணின் தலையில் பேன் பார்க்குமுன் கழுவுவார். மரச்சீனிக் கிழங்குக் கம்பு நடுமுன்னும் கழுவுவார். நட்ட பிறகு சேற்றுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போய்விடுவார். சேறோ இரத்தமோ நிறையப் பட்டால் கழுவாமல் இருக்கமாட்டார். ஆனால் அது சட்டி கழுவுவது போன்ற கழுவல், பேசிக்கொண்டே செய்வார். முன்னால் கழுவுவதுதான் வேறு. அப்போது பேச்சு நின்றுவிடும். மூன்று சிரட்டைத் தண்ணீர், மூன்று முறை. பிறகு கையை உதறாமல் காற்றில் சிறிது நேரம் பிடித்துக்கொண்டு நிற்பார்.

ஊரார் இதைச் சும்மா விடவில்லை. பெரிய வெள்ளிதோறும், குற்றமில்லாதவரைக் கூட்டத்திடம் விட்டுக்கொடுத்துத் தண்ணீரில் கை கழுவிய தேசாதிபதியின் கதை கோயிலில் வாசிக்கப்படும். அதைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் வரப்பில் வருவதைக் கண்டால் ஒருவன் மற்றவனிடம் உரக்கச் சொல்வான்: “எலே, எழும்பு எழும்பு. தேசாதிபதி எழுந்தருளுதாரு.”

ஒருநாள் நானும் பக்கத்தில் இருந்தேன். அவர் நின்று, சொன்னவனைப் பார்த்து, கோபமில்லாமல் பதில் சொன்னார்: “அவரு கழுவினது தொடாம இருக்கதுக்காக்கும் மக்கா. நான் கழுவுதது தொடுததுக்கு.”

“ரெண்டும் கழுவல்தானே சித்தி?”

“நீயும் உனக்க காளையும் ஒரே வெள்ளம்தான் குடிக்குதிய. நான் வித்தியாசம் பாக்கல்லியா?”

அவனும் சேர்ந்து சிரித்தான். நானும் சிரித்தேன். அந்தப் பதிலை அன்று நகைச்சுவையாக மட்டுமே எடுத்துக்கொண்டேன்.

அந்த நாள்களில் ஞாயிறு மாலைகளில் பெரியவர்களுக்கு வேதபாட வகுப்பு நடத்திவந்தேன். பரிசுத்தம் என்றால் பிரித்தெடுத்தல் என்று மூலமொழியின் வேர்ச்சொல்லைக் காட்டி விளக்கினேன். பொதுவானவற்றிலிருந்து ஒன்றைப் பிரித்துக் கடவுளுக்கென்று வைப்பதே அதைப் பரிசுத்தமாக்குவது என்றேன். எல்லாரும் தலையசைத்தார்கள். அவர் மட்டும் கடைசியிலிருந்து கேட்டார்: “பிரிச்சு எங்க வைக்கது சாரே?”

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் கேலி இல்லை. நல்ல இடம் ஒன்று கேட்டால் காட்டுவேன் என்று எதிர்பார்த்தவர் போல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுத்த வசனத்துக்குப் போய்விட்டேன்.

எங்கள் மகள் பிறந்தது அவர் கையில். ஊரில் பேறு பார்க்க வேறு பெண்களும் இருந்தார்கள். என் மனைவி இவரைத்தான் அழைக்க வேண்டும் என்றாள். பகல் நேரம். வந்தவர் நேரே உள்ளே போகாமல் கிணற்றடிக்குப் போனார். உள்ளே என் மனைவி அலறிக்கொண்டிருந்தாள். நான் பதறி, “வேகம் வாருங்க” என்று கூப்பிட்டேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று சிரட்டையும் முடித்த பிறகுதான் வந்தார்.

பிற்பாடு என் மனைவி கதை கதையாகச் சொல்வாள். வலிக்கு நடுவிலும் அவளுக்குக் கேள்வி கேட்கத் தோன்றியிருக்கிறது. “மாமி, எல்லாவளும் பேறு பாத்துட்டுக் கழுவுவா. நீங்க எதுக்கு முன்னாடியே கழுவுதிய?”

அவர் சொன்னாராம்: “வாறது ஆருண்ணு நமக்குத் தெரியாதுல்லா மக்கா.”

இந்தப் பதிலை என் மனைவி வாழ்நாளெல்லாம் வைத்திருந்தாள்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. அதைச் சொல்வதற்கு முன் எங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நாங்கள் கிறிஸ்தவர்களாகி மூன்று தலைமுறைகள் ஆகியிருந்தன. எங்கள் பாட்டன்மார் மேல்சாதியாரின் கண்ணில் படாமல் இத்தனை அடி விலகி நடக்க வேண்டும் என்று கணக்கு இருந்தது. அந்த அவமானத்தை நாங்கள் மறக்கவில்லை. அதை அடுத்தவருக்குக் கொடுக்கவும் மறக்கவில்லை. எங்கள் வயல்களில் வேலை செய்த புலையர் குடும்பங்கள் வயலுக்கு அப்பால் குடில் கட்டியிருந்தன. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர்களில் சிலர் சபையில் சேர்ந்தார்கள். போதகர் மகிழ்ந்தார். கோயிலில் அவர்களுக்குக் கடைசியில் பாய் விரிக்கப்பட்டது. திருவிருந்துக் கிண்ணம் முன்வரிசையில் தொடங்கி அவர்களிடம் போய் முடியும். அந்த வரிசையைத் தீர்மானமாக யாரும் எழுதவில்லை. எழுதாமலே நடந்தது.

அது திருவிருந்து ஞாயிறு. நான் வழக்கத்தைவிட முன்னதாகக் கோயிலுக்குப் போயிருந்தேன். மணி அடிக்கத் தொடங்கிய வேளையில் அவர் வயல் பக்கத்திலிருந்து வேகமாக ஏறி வந்தார். கோயில் கிணற்றில் நீர் இறைத்து, சிரட்டையால் மூன்று முறை கை கழுவினார். பிறகு பின்னறைக்குப் போய், அலமாரியைத் திறந்து, துணியை எடுத்து மேசையில் விரித்தார். இதை நான் பத்தடி தூரத்தில் நின்று பார்த்தேன். என்னைத் தவிர அங்கே யாருமில்லை.

ஆனால் அவர் எங்கிருந்து வந்தார் என்பதை வேறொருவர் பார்த்திருந்தார். சபையின் நிர்வாகிகளான டீக்கன்மாரில் மூத்தவருடைய தம்பி தன் தென்னந்தோப்பிலிருந்து, அவர் புலையர் குடிலிலிருந்து புறப்பட்டு வரப்பு வழியாக வருவதைக் கண்டிருக்கிறார். முதல் பாட்டு முடிவதற்குள் செய்தி ஆண்கள் பக்கம் முழுவதும் பரவிவிட்டது. அங்கே ஒரு பிள்ளை பிறந்திருக்கிறது, இவள் எடுத்துவிட்டு நேரே வந்து மேசையைத் தொட்டிருக்கிறாள் என்று.

போதகர் கிண்ணத்தை நீட்டினார். முன்வரிசையில் மூத்த டீக்கனார் அதை வாங்கி, வாயில் வைக்காமல் அடுத்தவருக்குக் கொடுத்தார். அடுத்தவரும் அப்படியே செய்தார். ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு, நிறைந்தபடியே வந்தது. இரண்டாம் வரிசையில் நான் இருந்தேன். நான் கிண்ணத்தை உதட்டில் வைத்தேன், குடிக்கவில்லை. பார்க்கிறவர்கள் அவரவர்க்கு வேண்டியதைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். பெண்கள் பக்கத்தில் என் மனைவி குடித்தாள் என்று பிறகு அறிந்தேன். கடைசியில் பாயில் இருந்த மூன்று பேர் குடித்தார்கள். அவர்களுக்கு எதுவும் தெரியாது. அன்று இவ்வளவு மிச்சம் இருந்ததில் அவர்கள் சற்றுத் திகைத்திருக்கலாம்.

ஆராதனை முடிந்ததும் பின்னறையில் கமிட்டி கூடியது. போதகர், டீக்கன்மார் நால்வர், நான். அவர் வாசலருகே நின்றார். மேசைமேல் அந்தக் கிண்ணம் இருந்தது. மூத்த டீக்கனார் கெட்ட மனிதர் அல்லர். இறந்த கோயில்குட்டியாரை அண்ணன் என்று அழைத்தவர்; இவரை மயினி என்பார். அவரே விசாரணையைத் தொடங்கினார்.

“மயினி, வெடியக்காலம் எங்க போயிருந்திய?”

“வயலுக்கு அங்கர. பேறு பாக்க.”

“ஆருக்கு?”

“பெறுதவளுக்கு.”

ஒரு டீக்கன் சிரிப்பை இருமலாக்கினார். மூத்தவர் அவரை முறைத்தார்.

“அது எனக்குத் தெரியாதாக்கும்? எந்தக் குடில்லண்ணு கேக்குதேன்.”

“கடைசிக் குடில். ஆம்பிளப் பிள்ள. கொள்ளாம், நல்ல கனம் உண்டு.”

“செரி, இருக்கட்டு. பின்ன குளிச்சியளா?”

“போவுமுன்ன குளிச்சேன்.”

“போவுமுன்ன குளிச்சு என்ன பிரயோசனம்? வந்தப்பெறவு குளிச்சியளாண்ணாக்கும் கேள்வி.”

“வந்தப்பெறவு நேரமில்ல. மணி அடிச்சாச்சு.”

எல்லாருக்கும் பசி. எனக்கு ஒரு வழி தெரிந்தது. நான் எழுந்து, அம்மாள் கோயில் கிணற்றில் மூன்று முறை கை கழுவியதை என் கண்ணால் பார்த்தேன் என்றேன். மூத்த டீக்கனாரின் முகம் தெளிந்தது. உண்மையில் அவரும் ஒரு வழியைத்தான் தேடிக்கொண்டிருந்தார்.

“அங்ஙன சொல்லும் சாரே! அது மதி, போதும். தீட்டு போவக் கழுவியாச்சு. சோலி முடிஞ்சு. வாருங்க, கஞ்சி ஆறிப்போவும்.”

“இல்ல,” என்றார் அவர். “அது மேசைக்குக் கழுவினது.”

“என்னது?”

“துணி விரிக்கணும்லா. அதுக்குக் கழுவினது. பிள்ளைய எடுக்கதுக்கு முன்ன ஓடையில கழுவினேன், அது பிள்ளைக்கு. இது மேசைக்கு. பிள்ளையத் தொட்டுப்போச்சேண்ணு நான் கழுவல்ல.”

“மயினி, வெள்ளம் ஒண்ணுதானே? கையும் ஒண்ணுதானே? பின்ன என்ன?”

“வெள்ளம் ஒண்ணுதான்.”

“அப்பம் சொல்லிட்டுப் போங்க. ஒரு வாக்கு. தீட்டுக்குக் கழுவினேண்ணு. சாவி உங்களுக்கு. எங்களுக்கும் சமாதானம். எனக்க அண்ணன் கொண்டு நடந்த சாவியாக்கும். அத வாங்கதுக்கு எனக்கு ஆசையா?”

போதகர் மென்மையாகக் குறுக்கிட்டார். சபையில் பலவீனமான மனச்சாட்சி உள்ளவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் இடறாதபடிக்கு நாம் சிலவற்றை விட்டுக்கொடுக்க வேண்டும் என்றார். அவர் போதகரிடம் திரும்பினார். போதகரை எங்கள் பக்கத்தில் அய்யர் என்றுதான் அழைப்போம்.

“அய்யரே, அடுத்த மாசம் அந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பிய. தலையில கை வைப்பிய. வச்சப்பெறவு கழுவுவியளா?”

போதகர் கிண்ணத்தைப் பார்த்தார். மூத்த டீக்கனார், “மயினி, நீங்க கொஞ்சம் வெளியே நில்லுங்க” என்றார். அவர் வெளியே போனார்.

பிறகு விவாதம் நடக்கவில்லை. “சாரே, நீரு பாத்தத எழுதும். நாங்க ஒப்பு வைக்கோம்” என்றார் மூத்தவர். நான் எழுதினேன். அந்த வாசகம் எனக்கு இன்றும் பாடம். ‘வயலுக்கு அப்பால் சென்றுவந்தமையால் நேர்ந்த தீட்டு நீங்கும்படி, கோயில் கிணற்றில் கை கழுவிச் சுத்தி செய்துகொண்டதாக அம்மாள் ஒப்புக்கொண்டபடியால், அலமாரிச் சாவி அவரிடமே இருக்கத் தீர்மானிக்கப்பட்டது.’ அம்மாள் என்று இங்கே சொன்ன இடத்தில் அவருடைய பெயர் இருந்தது. நல்ல வாக்கியம். அதில் அவரும் தப்பினார், கமிட்டியும் தப்பியது. அறுவரும் கையொப்பமிட்டோம். வெளியே வந்து, சாவி உங்களிடமே இருக்கும் என்று சொன்னேன். அவர் கும்பிட்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது. சற்றுப் பெருமையாகவும் இருந்தது.

மறுநாள் மாலை நான் பள்ளியிலிருந்து திரும்பியபோது அவர் எங்கள் கிணற்றடியில் நின்றார். என் மனைவி பக்கத்தில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“சாரே, நேத்து எழுதினத ஒருக்கா வாசிச்சுக் காட்டுவியளா? எனக்கு எழுத்து அறியாது.”

“சாவி உங்களுக்குத்தானே? பின்ன அதுல கேக்க என்ன இருக்கு?”

“எனக்க பேரு எழுதியிருக்குண்ணு சொன்னாவ. அதாக்கும்.”

நான் புத்தகத்தைக் கொண்டுவந்தேன். அவர் சிரட்டையை எடுத்து, தண்ணீர் மொண்டு, மூன்று முறை கழுவினார். ஈரம் காயும்வரை நின்றார். பிறகு கை நீட்டிப் புத்தகத்தை வாங்கி, எந்த வரியில் தம் பெயர் இருக்கிறது என்று கேட்டு, அந்த இடத்தில் விரல் வைத்துக்கொண்டார். நான் வாசித்தேன். வேறு விதமாக வாசித்திருக்கலாம். அவருக்கு எழுத்துத் தெரியாது. அந்த எண்ணம் எனக்கு வந்தது என்பதை மறைக்கவில்லை. என் மனைவி பார்த்துக்கொண்டிருந்ததால் எழுதியபடியே வாசித்தேன்.

“தீட்டு நீங்கண்ணு நான் சொல்லல்லியே சாரே.”

“சொன்னதா எழுதினாத்தான் சாவி உங்களுக்கு நிக்கும். உங்க நன்மைக்காக்கும் எழுதினேன்.”

“அது எனக்குத் தெரியும்.” விரலை எடுக்காமலே கேட்டார்: “அந்தப் பிள்ள வளந்து, எழுத்து படிச்சு, ஒருநாளு இத வாசிச்சா?”

அப்போது நான் சொன்ன பதிலைத்தான் இந்தப் பதினெட்டு நாளும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். “அவன் எங்க இதை வாசிக்கப் போறான்?” என்றேன்.

அவர் விரலை வரியிலிருந்து எடுத்தார். கோபப்படவில்லை. “எனக்க பேரச் சொல்லி அவன அழுக்காக்கிட்டியளே சாரே,” என்றார். ஆடு தொலைந்துவிட்டது என்று சொல்கிறவர் போலச் சொன்னார். பிறகு இடுப்பிலிருந்த சாவியை அவிழ்த்தார். அதன்மேல் ஒரு சிரட்டைத் தண்ணீரை ஊற்றி, முந்தானையால் துடைத்து, புத்தகத்தின்மேல் வைத்தார்.

“வேற ஆரேனும் வச்சுக்கிடட்டு. இனி அந்தக் கிண்ணத்தத் தொட்டா, நீங்க எழுதினது உள்ளதுண்ணு ஆயிப்போவும்.”

அவர் போன பிறகு என் மனைவி மகளைத் தரையில் இறக்கிவிட்டாள். “நீங்க எழுதினது கள்ளம்,” என்றாள். “நல்லதுக்கு எழுதின கள்ளம். கெட்டதுக்கு எழுதியிருந்தா அவிய சண்டையாவது போட்டிருப்பாவ.” அதற்குமேல் அதைப் பற்றி அவள் என்னிடம் ஒருபோதும் பேசவில்லை.

சாவி மூத்த டீக்கனார் வீட்டுக்குப் போயிற்று. அந்த வீட்டுப் பெண்கள் திருவிருந்து முடிந்ததும் கிண்ணத்தைப் புளி போட்டுத் தேய்த்தார்கள். எல்லார் வாயும் பட்டதல்லவா, அதனால் முடிந்த பிறகு நெடுநேரம் தேய்த்தார்கள். சில ஆண்டுகளில் விளிம்பு மங்கி, கிண்ணம் சொரசொரப்பானது. அந்த அம்மாள் மாதந்தோறும் வந்து பெண்கள் பக்கத்தில் அமர்ந்து, கிண்ணம் வந்தால் குடித்துவிட்டுப் போனார். பாய்க்கு அடுத்த இடத்தில் அமரத் தொடங்கியிருந்தார். அதை யாரும் விலக்கவில்லை. வழியில் என்னைக் கண்டால், “சாரே, சுகம்தானா? பிள்ளைக்குச் சுகம் உண்டா?” என்று கேட்பார். முன்பு கேட்டது போலவே கேட்பார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சில முறை வாக்கியம் அமைத்திருக்கிறேன். நான் அமைக்கும் வாக்கியங்களின்மேல் எனக்கு நம்பிக்கை போயிருந்தது.

அவர் இறந்தது ஒரு கார்மழைக் காலத்தில். நான் பரீட்சை வேலையாகத் திருவனந்தபுரத்தில் இருந்தேன். ஆற்றில் வெள்ளம், வந்துசேர முடியவில்லை. திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. உடலைக் குளிப்பாட்டியது யார் என்று மனைவியிடம் கேட்டேன். “நான்தான்,” என்றாள். “அந்தக் கடைசிக் குடில் பிள்ளையப் பெத்த தள்ளையும் வந்தா. ரெண்டு பேருமாச் செய்தோம்.”

“வந்து குளிச்சியா?” என்று கேட்டேன். பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது.

“முன்னாடி கழுவினோம்,” என்றாள்.

அந்த நாளிலிருந்தோ அதற்கும் முன்பிருந்தோ, என் மனைவி தொடுவதற்கு முன் கழுவத் தொடங்கியிருந்தாள். நான் அதைக் கவனிக்க நெடுங்காலம் ஆயிற்று. அறுவடைக்கு வந்த பெண்களுக்கு நிலத்தில் குழி தோண்டி, இலை வைத்து, எட்ட நின்று கஞ்சி ஊற்றுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவள் கை கழுவிவிட்டுக் கிண்ணங்களில் ஊற்றி, அவர்கள் கையில் கொடுத்தாள். என் தாயார் ஏசினார். அவள் எதிர்த்துப் பேசவில்லை. கழுவிக்கொண்டே இருந்தாள்.

அந்தப் பிள்ளை வளர்ந்தது. எழுத்தும் படித்தது. சண்டைகளுக்கும் மனுக்களுக்கும் பிறகு பள்ளிக் கதவு புலையர் பிள்ளைகளுக்கும் திறந்தபோது, மூன்றாம் வகுப்பில் நானே அவனுக்குப் பாடம் சொன்னேன். தெளிவான குரலில் வாசிப்பான். இப்போது தனுவச்சபுரத்தில் ஆசிரியராக இருக்கிறார். பழைய மினிட் புத்தகங்கள் கோயில் அலமாரியில் இருக்கின்றன. சென்ற ஆண்டிலிருந்து கமிட்டியின் செயலாளர் அவரே என்பதால், சாவியும் அவரிடம் இருக்கிறது. அந்தப் பக்கத்தை அவர் வாசித்தாரா என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. அந்த வரியை நான் அடிக்கவும் இல்லை. அதற்குப் போதிய காலம் புத்தகம் என் கையில் இருந்தது.

என் மனைவி எட்டு மாதம் படுக்கையில் கிடந்தாள். பகலில் உதவிக்கு ஒரு பெண் வந்தாள். சுத்தமானவள், என் மனைவியைத் தொட்டுத் தூக்கிவிட்டு ஒவ்வொரு முறையும் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவுவாள். அதில் குற்றம் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அந்தத் தண்ணீர்ச் சத்தம் கேட்கும்போது என் மனைவி சுவர் பக்கம் திரும்பிக்கொள்வதைப் பார்த்தேன். ஒருநாள் நான் கிணற்றடிக்குப் போய், மூன்று முறை கழுவிவிட்டு வந்து, அவளைத் தூக்கி உட்கார வைத்தேன். பிறகு நாள்தோறும் அப்படிச் செய்தேன். அதை அவள் அறிவாளா என்று எனக்குத் தெரியவில்லை. முடிவுக்கு நான்கு நாள் முன்பு நான் வந்து நெற்றியைத் தொட்டபோது கண் திறந்தாள்.

“தொடச்சிட்டுத் தொடுங்க,” என்றாள். “குளிருது.”

தெளிவாக அவள் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை அது.

அடக்கத்தன்று சபைப் பெண்கள் குளிப்பாட்ட வந்தபோது, சற்றுப் பொறுக்கச் சொல்லிவிட்டு நான் கிணற்றடிக்குப் போனேன். மூன்று முறை கழுவினேன். இம்முறை துடைத்துக்கொண்டேன். திரும்பி வந்து, அவள் முகத்தை நானே கழுவினேன். அவ்வளவுதான் எனக்குச் செய்யத் தெரிந்தது. மீதியைப் பெண்கள் செய்தார்கள். கல்லறையில் பெட்டியை இறக்கிய நால்வரில் தனுவச்சபுரத்து ஆசிரியரும் ஒருவர். கயிற்றைப் பிடிப்பதற்கு முன் அவர் தம் கைகளை வேட்டியில் துடைத்ததைப் பார்த்தேன். வியர்வையாக இருக்கலாம்.

அடக்கம் முடிந்து வீடு திரும்புகிறவர்கள் கை கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வாசலில் மகள் கிண்டியில் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு முன்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து கழுவிக்கொண்டு போனார்கள். என் முறை வந்தது.

“கைய நீட்டுங்க அப்பா.”

“கழுவியாச்சு மக்கா.”

“எப்பம்? இப்பந்தானே மண்ணு போட்டுட்டு வாறிய?”

“முன்னமே.”

அவள் கிண்டியைத் தாழ்த்தாமல் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். விரல்களில் மண் இருந்தது. நான் அப்படியே உள்ளே போனேன்.